டிஃபால்ட் மெத்தட் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பாம்பன், மண்டபம், தொண்டி, கீழக்கரை என்று இராமநாதபுரம் கடற்கரையில் மீன் வாங்கும் கம்பெனிகளுக்கான ஏலக் கணக்கு மென்பொருளைப் பல வருடமாகப் பராமரித்து வருகிறேன். ஜாவாவில் எழுதியது. நடுவில் நிற்பது ‘கொள்முதல்’ என்ற ஒரே இன்டர்ஃபேஸ்: என்னென்ன மெத்தட்கள் (பெயர் வைத்த நிரல் துண்டுகள்) இருக்க வேண்டும் என்று சொல்லும் பட்டியல். தொடக்கத்தில் அதில் எடை, கிலோவிலை என்று சில மெத்தட்கள்தான் இருந்தன. ஒவ்வொரு கம்பெனிக்கும் அதை இம்ப்ளிமென்ட் செய்யும், அதாவது அந்த மெத்தட்களுக்கு நிரல் எழுதும், ஒரு கிளாஸ் உண்டு. பாதி கிளாஸ் எங்கள் கையில். மீதியை அந்தந்தக் கம்பெனியின் ஆட்கள் எழுதுகிறார்கள். எங்களுக்கு ஜார் கோப்பு (கம்பைல் செய்த நிரலின் தொகுப்பு) மட்டும்தான் வரும்.

புதுத் தேவை வரும்போதெல்லாம் இந்த இன்டர்ஃபேஸில் ஒரு மெத்தட் கூடும். கூடிய மறுவாரம் ஏலக்கூடத்திலிருந்து போன் வரும்: “அண்ணே, நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு?” ஏறக்குறைய ஒரே வகைக் கோளாறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. பெரும்பாலும் டிஃபால்ட் மெத்தடைச் சுற்றியவை; அதாவது இன்டர்ஃபேஸிலேயே நிரல் எழுதிவைத்த, கிளாஸ் தானாக எழுதாவிட்டால் ஓடும் மெத்தட். அவற்றை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். மெத்தட் பெயர்களைத் தமிழிலேயே தருகிறேன். உங்கள் பெயர்களைப் பொருத்திக்கொள்ளுங்கள்.

அறிகுறி: இன்டர்ஃபேஸில் மெத்தட் சேர்த்ததும் கம்பைல் நிற்கிறது

‘அப்ஸ்ட்ராக்ட் மெத்தடை ஓவர்ரைடு செய்யவில்லை’ என்ற பிழை. (அப்ஸ்ட்ராக்ட் என்றால் உள்ளே நிரல் இல்லாமல் பெயர் மட்டும் உள்ளது; ஓவர்ரைடு என்றால் அதைக் கிளாஸில் தானே எழுதுவது.) முதலில் எழுத்துப் பிழையைப் பாருங்கள். மெத்தட் பெயரிலோ அளவுருவின் வகையிலோ ஓர் எழுத்து மாறியிருந்தாலும் இதே பிழைதான் வரும். ஓவர்ரைடு குறிப்பை மேலே போட்டால் உடனே தெரிந்துவிடும்.

எழுத்து சரியாக இருந்தால், மெத்தட்டை அப்ஸ்ட்ராக்டாகவே சேர்த்திருக்கிறீர்கள். இங்கேதான் பலர் கை தன்னால் ‘டிஃபால்ட்’ என்று தட்டிவிடுகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

இம்ப்ளிமென்ட் செய்யும் கிளாஸ்கள் எல்லாம் உங்கள் கையிலேயே இருக்கின்றனவா? அப்படியானால் டிஃபால்ட் வேண்டாம். கம்பைலர் காட்டும் ஒவ்வொரு இடத்துக்கும் போய், அந்தக் கம்பெனியின் வழக்கம் என்ன என்று கேட்டு எழுதுங்கள். ஏழு கிளாஸ் என்றால் ஒரு நாள் வேலை. பின்னால் ஒரு மாதம் தேடி அலைவதை இந்த ஒரு நாள் மிச்சப்படுத்தும்.

கையில் இல்லாத கிளாஸ்கள் உண்டென்றால் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: புது மெத்தட்டை, இன்டர்ஃபேஸில் ஏற்கெனவே இருக்கும் மெத்தட்களை மட்டும் கூப்பிட்டு எழுத முடியுமா? அதன் விடை, நீங்கள் கண்ணால் பார்க்காத கிளாஸுக்கும் உண்மையாக இருக்குமா? இரண்டுக்கும் ஆம் என்றால் டிஃபால்ட் போடலாம். ஜாவா 8-ல், 2014 மார்ச்சில், கலெக்‌ஷனுக்கு ஸ்ட்ரீம் வந்ததும் மேப்புக்கு கெட்ஆர்டிஃபால்ட் வந்ததும் இப்படித்தான். இருக்கும் மெத்தட்களை வைத்தே எழுதக்கூடியவை அவை.

ஒன்றுக்கு இல்லை என்றாலும், பழைய இன்டர்ஃபேஸைத் தொடாதீர்கள். அதிலிருந்து நீளும் புது இன்டர்ஃபேஸ் ஒன்றை எழுதி, புது மெத்தட்டை அதில் வையுங்கள். வசதி உள்ளவர்கள் அதற்கு மாறட்டும். கூப்பிடுகிறவர் மட்டுமே பயன்படுத்தும் உதவி, யாரும் ஓவர்ரைடு செய்ய வேண்டிய காரணமே இல்லை என்றால், அது வெறும் ஸ்டாட்டிக் மெத்தட் (எந்த ஆப்ஜெக்ட்டையும் சாராமல் கூப்பிடுவது). அதற்கு டிஃபால்ட் அளவுக்குப் போக வேண்டாம்.

அறிகுறி: கம்பைல் ஆகிறது, காலையில் ஓடுகிறது, ஒரு பட்டனைத் தொட்டதும் விழுகிறது

லாக்கில் இரண்டு பிழைகளில் ஒன்று இருக்கும். எது என்று பாருங்கள்; இரண்டும் எதிரெதிர்த் திசை.

*அப்ஸ்ட்ராக்ட்மெத்தட்எரர் என்றால்:* இன்டர்ஃபேஸ் ஜார் புதியது, இம்ப்ளிமென்ட் செய்த ஜார் பழையது. நிரல் தொடங்கும்போது ஜாவா இதைப் பொருட்படுத்தாது. அந்த மெத்தட்டைக் கூப்பிடும் நொடியில்தான் விழும். அதனால்தான் காலை ஏலம் முழுக்க ஓடிவிட்டு, மதியம் பில் போடும்போது நிற்கிறது. எல்லாவற்றையும் கிளீன் செய்து மறுபடி பில்ட் செய்வது முதல் வேலை. அடுத்து மேவன் (பில்ட் கருவி) காட்டும் டிபென்டென்சி ட்ரீயில் எந்தப் பதிப்பு வருகிறதென்று பாருங்கள். இரண்டும் சரியென்றால், வெளியார் ஜாரை ஜாவாபி (கம்பைல் ஆன கிளாஸின் மெத்தட்களைக் காட்டும் கருவி) கொண்டு திறந்து அந்த மெத்தட் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவர்கள் புது ஜார் தர வேண்டும், அல்லது நீங்கள் அந்த மெத்தட்டை டிஃபால்ட்டாக மாற்ற வேண்டும். டிஃபால்ட்டாக மாற்றினால் பழைய ஜாரை மறுபடி கம்பைல் செய்யாமலேயே ஓடும். மாற்றும் முன் மேலே சொன்ன இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். விழுவது நிற்க வேண்டும் என்பதற்காக மட்டும் மாற்றினால், கோளாறு வேறோர் அறிகுறியாகத் திரும்பி வரும்; கீழே சொல்கிறேன்.

*நோசச்மெத்தட்எரர் என்றால்:* கூப்பிடுகிற நிரல் புதியது, ஓடும் இடத்தில் இன்டர்ஃபேஸ் பழையது. எங்களுக்கு இது அதிகம் வந்தது கைப்பேசியில். எடை போடும் இடத்தில் பையன்கள் வைத்திருப்பவை பழைய போன்கள். கோட்லின் மொழியில் எழுதிய செயலியை ஆண்ட்ராய்டு எஸ்டிகே (செயலி எழுதும் கருவித் தொகுப்பு) 35-க்கு மாற்றி கம்பைல் செய்தோம். பட்டியலின் முதல் உருப்படியை எடுக்கும் ரிமூவ்ஃபர்ஸ்ட், முன்பு கோட்லினின் சொந்த உதவி மெத்தட். இப்போது கம்பைலர் அதை ஜாவாவின் லிஸ்ட் இன்டர்ஃபேஸுக்கு, ஜாவா 21-ல் டிஃபால்ட்டாக வந்த ரிமூவ்ஃபர்ஸ்ட்டுக்குக் கட்டிவிட்டது. ஆண்ட்ராய்டு 14-லும் அதற்குக் கீழும் அந்த மெத்தட் கிடையாது. செயலி திறக்கும், எடை பதியும், வரிசையிலிருந்து முதல் சீட்டை எடுக்கும்போது மூடிக்கொள்ளும். நாங்கள் எங்கள் நிரலில் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை என்பதால் காரணம் தேட இரண்டு நாள் ஆனது. ரிமூவ்அட் பூஜ்யம் என்று எழுதியதும் சரியானது. ரிமூவ்லாஸ்ட்டுக்கும் இதே கதை.

கணினியில் இதே கோளாறு வராமல் தடுக்க, சோர்ஸ், டார்கெட் என்ற இரண்டு விருப்பங்களை விட்டுவிட்டு ஜாவா 9-ல் வந்த ரிலீஸ் விருப்பத்தைக் கொடுத்து கம்பைல் செய்யுங்கள். அந்தப் பதிப்பில் இல்லாத மெத்தட்டை எழுதினால் கம்பைலரே தடுக்கும்.

அறிகுறி: ‘தொடர்பில்லாத டிஃபால்ட்கள்’ என்ற கம்பைல் பிழை

ஒரு கிளாஸ் இரண்டு இன்டர்ஃபேஸ்களை இம்ப்ளிமென்ட் செய்கிறது; இரண்டிலும் ஒரே பெயரில், ஒரே அளவுருக்களோடு டிஃபால்ட் இருக்கிறது. எதை எடுப்பது என்று கம்பைலர் உங்களைக் கேட்கிறது. அந்த கிளாஸிலேயே மெத்தட்டை ஓவர்ரைடு செய்யுங்கள். இரண்டில் ஒன்றை எடுத்தால் போதும் என்றால் உள்ளே இன்டர்ஃபேஸ் பெயர், புள்ளி, சூப்பர், புள்ளி, மெத்தட் பெயர் என்று எழுதலாம்.

நீங்கள் எதையும் சேர்க்காதபோதும் இது வரும். ஜாவா 15-ல் கேர்சீக்வென்ஸுக்கு (எழுத்துத் தொடருக்கான ஜாவாவின் இன்டர்ஃபேஸ்) இஸ்எம்ப்டி என்ற டிஃபால்ட் வந்தது. அதே பெயரில் சொந்த டிஃபால்ட் வைத்திருந்த இன்டர்ஃபேஸையும் கேர்சீக்வென்ஸையும் சேர்த்து இம்ப்ளிமென்ட் செய்த கிளாஸ்கள் அன்றே கம்பைல் ஆகாமல் போயின. ஜாவா 21-ல் லிஸ்ட்டுக்கும் டெக்யூவுக்கும் (இருமுனை வரிசை) ரிவர்ஸ்டு வந்தபோது, இரண்டையும் ஒருசேர எடுத்த கிளாஸ்களுக்கும் அதே நிலை. ஆகவே நீங்கள் டிஃபால்ட் சேர்க்கும்போது, ‘காலி’, ‘அளவு’, ‘பெயர்’ போன்ற பொதுச் சொற்களைத் தவிருங்கள். ‘ஏலச்சீட்டுகாலியா’ என்று நீட்டி எழுதினால் யாரோடும் மோதாது.

கம்பைல் செய்யாமல் ஜாரை மட்டும் மாற்றியிருந்தால் இதே மோதல் ஓடும்போது இன்கம்பாட்டிபிள்கிளாஸ்சேஞ்ச்எரராக வரும். இரண்டு ஜாரும் வெளியாருடையவை என்றால் நீங்கள் ஒன்றும் செய்வதற்கில்லை. அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

அறிகுறி: லாம்டா எழுதிய இடங்களெல்லாம் சிவப்பாகின்றன

ஒரே ஒரு அப்ஸ்ட்ராக்ட் மெத்தட் இருந்த இன்டர்ஃபேஸில் இரண்டாவதைச் சேர்த்துவிட்டீர்கள். இனி அதற்கு லாம்டா (கிளாஸ் எழுதாமல் அந்த ஒரு மெத்தட்டை மட்டும் சுருக்கமாகத் தரும் வடிவம்) எழுத முடியாது. இங்கே டிஃபால்ட்டாக மாற்றுவதோ வேறு இன்டர்ஃபேஸில் வைப்பதோதான் வழி. ஃபங்ஷனல்இன்டர்ஃபேஸ் குறிப்பை முன்பே போட்டிருந்தால், நூறு இடத்தில் வராமல் ஒரே இடத்தில் பிழை காட்டியிருக்கும்.

ஈக்குவல்ஸ், ஹேஷ்கோட், டூஸ்ட்ரிங் மூன்றையும் டிஃபால்ட்டாக எழுத ஜாவா விடாது. அதற்குச் சுற்றுவழி தேட வேண்டாம். அவை கிளாஸில்தான் இருக்க வேண்டும்.

அறிகுறி: டிஃபால்ட் எழுதியாயிற்று, ஆனால் அது ஓடவே இல்லை

உள்ளே ஒரு வரி அச்சிட்டுப் பாருங்கள். அச்சாகவில்லையா? மேல் கிளாஸில் அதே பெயரில் பப்ளிக் மெத்தட் ஒன்று இருக்கும். கிளாஸில் இருப்பதற்குத்தான் எப்போதும் முன்னுரிமை; இன்டர்ஃபேஸின் டிஃபால்ட் அதற்குப் பிறகுதான். மேல் கிளாஸில் இல்லையென்றால், நடுவில் நீளும் இன்டர்ஃபேஸ் எதுவாவது அதே மெத்தட்டைத் தன் டிஃபால்ட்டால் மறைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

சோதனை நிரலில் மட்டும் பூஜ்யமோ ‘நல்’ (null) என்ற வெற்று மதிப்போ வருகிறதென்றால் மாக்கிட்டோவைப் (சோதனைக்குப் போலி ஆப்ஜெக்ட் செய்து தரும் நூலகம்) பாருங்கள். மாக் செய்த, அதாவது போலியாக்கிய, இன்டர்ஃபேஸில் டிஃபால்ட் மெத்தட்டின் உடல் ஓடாது. உண்மை மெத்தட்டைக் கூப்பிடும்படி நீங்கள் சொல்லியாக வேண்டும். டைனமிக் ப்ராக்ஸி (ஓடும்போது ஜாவாவே உருவாக்கும் இடைத்தரகு ஆப்ஜெக்ட்) வைத்திருந்தாலும் அப்படித்தான்: எல்லா அழைப்பும் இன்வொகேஷன்ஹேண்ட்லருக்குப் போகும். அங்கிருந்து டிஃபால்ட்டை ஓட்ட ஜாவா 16-ல் இன்வோக்டிஃபால்ட் வந்தது. அதற்கு முந்தைய பதிப்பில் ஓடுகிறவர்களானால், இந்த இடத்தைக் கைதேர்ந்த ஒருவரிடம் விடுங்கள். மெத்தட்ஹேண்டில் வைத்துச் சுற்றி எழுதும் வழி பதிப்புக்குப் பதிப்பு மாறும்.

அறிகுறி: பிழையே இல்லை, ஆனால் கணக்கு தவறு

எங்களை அதிகம் வதைத்தது இதுதான். கம்பைலர் கத்தாது, லாக் காலியாக இருக்கும், படகுக்காரர் வந்து சீட்டை மேசையில் வைக்கும்போதுதான் தெரியும். இதற்கு மூன்று காரணங்கள் கண்டிருக்கிறேன்.

*முதல் காரணம்: பொய்யான விடை தரும் டிஃபால்ட்.* ஐஸும் தண்ணீருமாக வரும் மீனுக்கு, பெட்டிக்கு இவ்வளவு என்று எடையில் கழிப்பார்கள். அதற்காக ‘கழிவு’ என்ற மெத்தட்டைச் சேர்த்தேன். பழைய கிளாஸ்கள் உடையக் கூடாதென்று பூஜ்யம் திருப்பும் டிஃபால்ட் போட்டேன். ஒரு கம்பெனியின் கிளாஸ் தன் எடை மெத்தட்டுக்குள்ளேயே கழித்து வந்தது. அங்கே பூஜ்யம் சரி. இன்னொரு கம்பெனியில் கழிவைக் கணக்குப்பிள்ளை தாளில் தனியாகக் கழித்து வந்தார். புது அறிக்கையில் ‘கழிவு: 0’ என்று வரி வந்ததும், இனி இயந்திரமே பார்த்துக்கொள்கிறது என்று அவர் தாளை நிறுத்திவிட்டார். பதினோரு நாள் கழிவே இல்லாமல் பணம் பட்டுவாடா ஆனது. அடுத்த முறை கடலுக்குப் போக முன்பணம் வாங்க வந்த சம்மாட்டியிடம் (படகு உரிமையாளர்), கூடக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்க வேண்டி வந்தது. அந்த ஆளின் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

பூஜ்யமும் ஃபால்ஸும் காலிப் பட்டியலும் ‘எனக்குத் தெரியாது’ என்று பொருள்படா. படிக்கிறவருக்கு அவை விடைகள். உங்கள் டிஃபால்ட்டைத் திறந்து, அது நிலையான மதிப்பு எதையாவது திருப்புகிறதா என்று பாருங்கள். திருப்பினால், அது எல்லாக் கிளாஸுக்கும் உண்மையா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். உண்மையில்லையென்றால் ஆப்ஷனல் (மதிப்பு இல்லாமலும் இருக்கலாம் என்று சொல்லும் வகை) திருப்பி, அறிக்கையில் ‘பதிவு இல்லை’ என்று அச்சிடுங்கள். நாங்கள் அதைக்கூடச் செய்யவில்லை; ‘கழிவுள்ளகொள்முதல்’ என்று தனி இன்டர்ஃபேஸ் எழுதி, டிஃபால்ட்டை எடுத்துவிட்டோம்.

அன்சப்போர்ட்டட்ஆபரேஷன்எக்ஸெப்ஷன் எறியும் டிஃபால்ட் இதைவிட நேர்மையானது. ஜாவா 8 முதல் இட்டரேட்டரின் (பட்டியலை ஒவ்வொன்றாகச் சுற்றிவர உதவுவது) ரிமூவ் அப்படித்தான். ஆனால் அந்த ரிமூவ் முதலிலிருந்தே விருப்பத்துக்குரியது என்று ஆவணத்தில் சொல்லப்பட்டிருந்தது. கட்டாயம் வேண்டிய மெத்தட்டுக்கு இதைப் போட்டால், அப்ஸ்ட்ராக்ட்மெத்தட்எரருக்கு வேறு பெயர் வைத்ததாகத்தான் ஆகும்.

*இரண்டாவது காரணம்: உறை கிளாஸ்.* அதாவது இன்னொரு ஆப்ஜெக்ட்டை உள்ளே வைத்து, கூப்பிடுவதை அதற்கு அனுப்பும் கிளாஸ். ‘மொத்தம்’ என்ற டிஃபால்ட் சேர்த்தோம்: எடையைக் கிலோவிலையால் பெருக்கும். நல்ல டிஃபால்ட் என்றே நினைத்தோம். இறாலுக்கு மட்டும் பொருந்தாது. கிலோவுக்கு எத்தனை எண்ணம் என்று பார்த்துத் தரம் பிரித்து விலை போடுவார்கள், ஒரே குவியலில் இரண்டு மூன்று விலை இருக்கும். அதனால் இறால் கிளாஸில் ‘மொத்தம்’ மெத்தட்டைச் சரியாக ஓவர்ரைடு செய்திருந்தோம். சோதனையும் தேறியது. ஏலக்கூடத்தில் தவறியது.

ஏனென்றால் அங்கே இறால் கிளாஸைச் சுற்றி, ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்யும் உறை கிளாஸ் ஒன்று இருந்தது. அது டிஃபால்ட் வருவதற்கு முன்பே எழுதியது. எடையையும் கிலோவிலையையும் உள்ளே அனுப்பும்; ‘மொத்தம்’ என்ற பெயரே அதற்குத் தெரியாது. ஆகவே உறையின் மேல் இன்டர்ஃபேஸின் டிஃபால்ட்டே ஓடியது. உள்ளே சரியாக எழுதிய மெத்தட் கூப்பிடப்படவே இல்லை.

இதற்கான சோதனையை இப்போது எல்லாத் திட்டத்திலும் வைக்கிறேன்: ரிஃப்ளெக்‌ஷன் (ஓடும்போது கிளாஸின் மெத்தட்களைப் பட்டியலிடும் ஜாவா வசதி) கொண்டு இன்டர்ஃபேஸின் ஸ்டாட்டிக் அல்லாத ஒவ்வொரு மெத்தட்டையும் எடுத்து, உறை கிளாஸ் அதைத் தானே எழுதியிருக்கிறதா என்று பார்க்கும் ஒரு சின்ன டெஸ்ட். பத்துப் பதினைந்து வரிதான். டிஃபால்ட் சேர்த்த அன்றே அது விழும். விழுந்தால் உறையில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

*மூன்றாவது காரணம்: பூட்டு.* ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தொடும்படி நிரல் போடும் தடை அது. ஒரே இறங்குதளத்தில் இரண்டு எடை மேடை. இரண்டும் ஒரே சீட்டுப் பட்டியலில் எழுதும். பட்டியலைப் பூட்டுப் போட்ட உறை ஒன்று காத்தது. அதன் ஒவ்வொரு மெத்தட்டும் பூட்டைப் பிடித்துத்தான் வேலை செய்யும். நான் ‘ரத்தானவற்றைநீக்கு’ என்று டிஃபால்ட் சேர்த்தேன். இருக்கும் மெத்தட்களை மட்டும் கூப்பிட்டுத்தான் எழுதினேன்: ஏழாவது சீட்டைப் பார், ரத்தானதா, ஏழாவதை நீக்கு. பார்ப்பதற்குப் பூட்டு உண்டு, நீக்குவதற்குப் பூட்டு உண்டு, இரண்டுக்கும் நடுவே இல்லை. அந்த இடைவெளியில் மற்ற மேடை மூன்றாவது சீட்டை நீக்கினால், எட்டாவது சீட்டு ஏழாவது இடத்துக்கு வந்துவிடும். நான் நீக்கியது ரத்தாகாத சீட்டு. யாரோ ஒருவருடைய ஊளி மீன் கணக்கிலிருந்து காணாமல் போனது.

ஜாவாவுக்கே இந்தச் சிக்கல் வந்தது. ஜாவா 8-ல் கலெக்‌ஷனுக்கு ரிமூவ்இஃப் என்ற டிஃபால்ட் வந்தபோது, ஜாவா தன் சொந்த சிங்க்ரனைஸ்டு (பூட்டுப் போட்ட) உறைகளில் அதைப் பூட்டோடு ஓவர்ரைடு செய்துவிட்டது. வெளியில் பரவலாகப் புழங்கிய நூலகம் ஒன்றின் உறையில் அது நடக்கவில்லை. அங்கே பூட்டில்லாமலே நீக்கம் ஓடியது. பின்னர் வந்த பதிப்பில்தான் சரிசெய்தார்கள்.

சோதிக்க, இரண்டு த்ரெட்டை (ஒரே நேரத்தில் ஓடும் நிரல் ஓட்டம்) ஒரே பட்டியலில் பத்தாயிரம் முறை மோதவிட்டு, முடிவில் சீட்டு எண்ணிக்கையைப் பாருங்கள். குறைந்தால், உறையில் அந்த டிஃபால்ட்டை ஓவர்ரைடு செய்து தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே பூட்டுக்குள் வையுங்கள். குறையவில்லையென்றாலும் கோளாறு இல்லை என்று ஆகிவிடாது. அந்த நிலையில் பூட்டு விவகாரம் தெரிந்த ஒருவரிடம் நிரலை வரிவரியாகப் படிக்கக் கொடுங்கள், செலவானாலும் கொடுங்கள்.

அறிகுறி: விடை சரி, ஆனால் ஆமை வேகம்

டிஃபால்ட் ஒவ்வொன்றாகச் சுற்றிவருகிறது. ஒரு கிளாஸ் மட்டும் ஒவ்வொரு சுற்றுக்கும் தரவுத்தளத்துக்குப் போய் வருகிறது. எஸ்கியூஎல் லாக்கைத் திறந்து ஒரே கேள்வி நூற்றுக்கணக்கில் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அந்த கிளாஸில் மட்டும் ஒரே கேள்வியாக ஓவர்ரைடு செய்யுங்கள், டிஃபால்ட்டைத் தொட வேண்டாம். லிஸ்ட்டின் சார்ட் இப்படித்தான் வாழ்கிறது: டிஃபால்ட் எல்லாவற்றையும் அரேக்கு நகலெடுத்து வரிசைப்படுத்தித் திரும்ப ஒவ்வொன்றாக எழுதும், அரேலிஸ்ட் அதை ஓவர்ரைடு செய்து தன் உள்ளேயே வரிசைப்படுத்திக்கொள்ளும்.

எப்போது வெளியே கொண்டுபோவது

இன்டர்ஃபேஸ் மாற்றங்களை நான் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் வெளியிடுகிறேன். விசைப்படகுகள் கரையில் நிற்கும், நாட்டுப்படகு மீன் மட்டும் வரும். சீட்டு குறைவாக இருப்பதால் தாளில் ஒத்துப்பார்க்க நேரம் கிடைக்கும். இரண்டு பதிப்புகளின் ஜாரையும், அவற்றை ஒப்பிடும் ஜாப்பிகாம்ப் கருவியில் ஓட்டி, எது உடையும் என்ற பட்டியலை வெளியார் ஜார் எழுதுகிறவர்களுக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுகிறேன். அதில் ‘உடையாது’ என்று வரும் டிஃபால்ட்களையும் தனியாகக் குறித்து, என்ன விடை தரும் என்று ஒரு வரி எழுதுகிறேன். கருவி இணைப்பை மட்டும்தான் பார்க்கும், பொருளைப் பார்க்காது.

தவறான டிஃபால்ட் ஓடிப் பணம் கைமாறிவிட்டதென்றால், நிரலைத் திருத்துவதற்கு முன் நிறுத்துங்கள். பழைய ஜார், புதிய ஜார், தரவுத்தளத்தின் நகல், அந்த நாள்களின் தாள் சீட்டு நான்கையும் எடுத்துத் தனியாக வையுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணிக்குப் புது ஜார் போட்டோம் என்று எழுதுங்கள். அதை எடுத்துக்கொண்டு கம்பெனியின் கணக்குத் தணிக்கையாளரிடம் போங்கள். எந்தச் சீட்டுக்கு எவ்வளவு திருத்தம் என்பதை அவரும் கணக்குப்பிள்ளையும் படகுக்காரரும் உட்கார்ந்து முடிவு செய்யட்டும். தரவுத்தளத்தில் நீங்களாக ஓர் அப்டேட் எழுதி எண்ணை மாற்றாதீர்கள்.